ஏழு மடிப்பு

பாஸல் நகரத்தில் ஓர் அலுவலகத்தின் ஆறு மாடிக் கழிப்பறைகளையும் தேய்ப்பது இடலினாவின் வேலை. சாயங்காலம் ஐந்து மணிக்கு வாளியைக் கவிழ்த்துவிட்டால் அப்புறம் அவள் யாருக்கும் கீழே இல்லை. கோடையில் உடுப்பு, செருப்பு, சாவி எல்லாவற்றையும் தண்ணீர் புகாத மீன் வடிவப் பையில் திணிப்பாள். அதன் வாயை ஏழு மடிப்பு மடித்துப் பூட்டிக்கொண்டு ரைன் ஆற்றில் இறங்கினால் ஆறே வீட்டுப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும். பதினாறு வருஷமாக இப்படித்தான். பஸ்ஸில் வியர்த்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் அவளுக்கு இரக்கமாக இருக்கும்.

போர்ச்சுகலிலிருந்து வந்திருந்த அக்கா குஸ்டோதியாவுக்கு நாளை இரவு விமானம். ஊரில் போய் அவள் என்ன சொல்கிறாளோ அதுதான் இடலினாவின் வாழ்க்கை என்றாகிவிடும். "பாவம், கக்கூஸ் கழுவிப் பிழைக்கிறா" என்பாள். கழுவுவதில் இடலினாவுக்கு வெட்கமில்லை. அந்தப் 'பாவம்'தான் முள்ளாகக் குத்தியது. அதனால்தான் அக்காவை ஆற்றங்கரைக்கு இழுத்து வந்தாள்.

"இதக் காட்டவாடி கூட்டிட்டு வந்த? நம்மூர்ல வெள்ளம் வந்தாத்தான் இப்படி மூட்டையோட மிதப்பாங்க."

"நீயும் இறங்குக்கா."

"இந்த ஒடம்ப ஊரே பாக்கவா?"

"பாக்க இங்க யாருக்கு நேரம்? அவனவன் தொப்பைய மிதக்க விட்டுட்டு அவனவன் போறான்."

இடலினா இறங்கினாள். அக்கா கரையோரமாகவே நடந்தாள். ஆற்றின் வேகத்துக்கு அவள் கால் ஈடுகொடுக்கவில்லை.

"மெதுவாப் போயேன்டி."

"ஆத்துக்கிட்ட சொல்லு."

பாலத்தைத் தாண்டியதும் ஒரு மனிதர் தண்ணீர் புகுந்து தொங்கிப்போன பையைக் கட்டிக்கொண்டு நடு ஆற்றுக்கு இழுபட்டுப் போவதை இடலினா பார்த்தாள். நடு ஆறு கப்பல் போகிற வழி. யார் என்று தெரிந்தது: இந்த வசந்தத்தில்தான் ஹாலந்திலிருந்து வந்த, அவள் அலுவலகத்தின் நாலாவது மாடி மேலாளர் ரூலாஃப். அவர் பக்கம் நீந்திப் போனாள்.

"பைய விடுங்க."

"உள்ள கம்ப்யூட்டர் இருக்கு."

"அது எப்பவோ செத்துருச்சு. நீங்களும் கூடப் போகாதீங்க."

காற்று நிறைந்த தன் பையை அவர் நெஞ்சுக்குத் தள்ளினாள். அவருடைய பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, குறுக்கே நீந்தி அவரைக் கரைப்படிக்கு இழுத்து வந்தாள். குஸ்டோதியா மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது அவர் பையிலிருந்து தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தன மடிப்பு மடிச்சீங்க?" என்றாள் இடலினா.

"ரெண்டு."

"ரெண்டு மடிப்பு ரொட்டிப் பொட்டலத்துக்கு. இதுக்கு ஏழு. பச்சப்புள்ளயும் செய்யும்."

"நன்றி, இடலினா. நாளைக்கு எங்க மாடிக்கு வருவீங்கல்ல?"

"விடியக்காலைலயே வருவேன். நீங்க தூங்கிட்டிருப்பீங்க."

அவர் சிரித்துக்கொண்டே வெறுங்காலோடு, சொட்டச் சொட்ட நடந்துபோனார்.

"யாருடி அது?"

"எங்க மேலாளர்."

"அவரையா அந்த அதட்டு அதட்டுன?"

"தப்பா மடிச்சா அதட்டத்தானே வேணும்."

இடலினா தன் பையைப் பிரித்து ரொட்டியையும் மத்தி மீன் டப்பாவையும் எடுத்தாள். குஸ்டோதியா கையை உள்ளே விட்டு உடுப்பைத் தடவிப் பார்த்தாள். ஒரு பொட்டு ஈரமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தண்ணீரில் விட்டாள். பாதி ரொட்டி தீர்ந்த பிறகு கேட்டாள்:

"நாளைக்கு விமானம் ஒம்பதரைக்குத்தானே?"

"ஆமா."

"அப்ப சாயங்காலம் அஞ்சு மணிக்கு எனக்கும் ஒரு பை எடுத்துட்டு வா. ஊர்ல கேட்டா சும்மா பாத்தேன்னா சொல்ல முடியும்?"

மிச்ச ரொட்டியில் பெரிய பங்கை இடலினா அக்கா பக்கம் நகர்த்தினாள். குஸ்டோதியா தங்கையின் பையை மடியில் வைத்து அதன் வாயை மடிக்க ஆரம்பித்தாள். ஐந்தில் நிறுத்தினாள்.

"இன்னும் ரெண்டு" என்றாள் இடலினா.