கால்வாய் கேலரியிலிருந்து இறங்காதவர்கள்

அறுபத்திரண்டாம் வருஷம் நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் ஃபுட்பால் பார்க்கப் போன ஆர்னல்ட் பிக்கப் இன்னும் வீடு திரும்பவில்லை. ஆட்டம் முடியவில்லை என்பதுதான் காரணம். எங்கள் ஊர் அணியான ஆல்டர்ஷா ரோவர்ஸின் மைதானத்தில், கோல் கம்பத்துக்குப் பின்னால், கால்வாயை ஒட்டித் தகரக்கூரை போட்டிருந்த பழைய கேலரியின் மேல்படி ஒன்றில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றான். அவனோடு இன்னும் முந்நூறு பேர் நின்றார்கள். ஒருத்தருக்கும் ஒரு முடிகூட நரைக்கவில்லை. நடந்தது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஆட்டத்தின் நடுவே மூடுபனி இறங்கி, பஞ்சாலைப் புகையோடு கலந்து, தன் கையைத் தானே தேடவேண்டிய நிலைமை வந்தது. நடுவர் இரண்டு கேப்டன்களையும் தடவிக் கண்டுபிடித்து, ஆட்டம் ரத்து என்று சொல்லிவிட்டு, விசில் ஊதாமலேயே குளிக்கப் போய்விட்டார். ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டியவருக்கு அன்றைக்கு இருமல். மற்ற பக்கங்களில் நின்றவர்கள் அலுத்துப்போய்க் கிளம்பினார்கள். கால்வாய் கேலரிக்காரர்கள் கிளம்பவில்லை. கட்டின பெண்டாட்டியை விட்டு ஓடினவனைக்கூட எங்கள் ஊரில் நாலு வருஷத்தில் மன்னித்துவிடுவார்கள். விசிலுக்கு முன்னால் கேலரியை விட்டு இறங்கினவனை அவன் சவப்பெட்டியைச் சுமக்கும்போதுகூடச் சொல்லிக்காட்டுவார்கள். மறுநாள் ஊர் முழுக்கப் பனி விலகியது. கால்வாய் கேலரிக்குள் மட்டும் விலகவில்லை.

ஆர்னல்டின் மனைவி மேவிஸுக்கு அப்போது கல்யாணமாகி எட்டு மாதம். பஞ்சாலையில் அவள் வேலை, அதே ஆலையில் அவனுக்கும். முதல் வாரம் அடுப்பில் வைத்த ஆட்டிறைச்சிக் குழம்பைச் சூடு பண்ணிச் சூடு பண்ணிப் பார்த்தாள். பிறகு ஃப்ளாஸ்கில் டீயோடு கேலரிக்கே போனாள். "அங்க வை மேவிஸ், இதோ முடிஞ்சிரும், வந்துர்றேன்" என்றான், கண்ணை மைதானத்திலிருந்து எடுக்காமல். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் போனாள். அவனும் அதையே சொன்னான். மற்றப் பெண்டாட்டிகள் கொஞ்ச நாள் வந்தார்கள், பிறகு சிலர் வேறு கல்யாணம் செய்துகொண்டார்கள், சிலர் ஆஸ்திரேலியா போனார்கள், சிலர் செத்தும் போனார்கள். மேவிஸ் மட்டும் விடவில்லை. செத்த ஆளென்றால் அழுது தீர்த்துவிட்டு மறக்கலாம்; இவனோ கண்ணுக்கு முன்னால் குத்துக்கல் மாதிரி நிற்கிறான், என்ன செய்வாள் பாவம். ஆலை மூடினார்கள், ராணி முகம் நோட்டில் கிழடானது, ரோவர்ஸ் லீக்கில் படிப்படியாகச் சறுக்கிக் கீழே போனது. கேலரிக்காரர்களின் மூக்குக்கு முன்னாலேயே அதற்கப்புறம் எத்தனையோ ஆட்டங்கள் நடந்தன. அவர்கள் கண்ணுக்கு அதெல்லாம் பனி. அந்த விசில்களெல்லாம் வேறு யாருடைய ஆட்டத்து விசிலோ. மேவிஸுக்கு எழுபது தாண்டியது. அத்தனை வருஷத்தில் அவள் பார்க்கக் கிடைத்தது அவனுடைய ஒரு காது, ஒரு கன்னம், பாதி மூக்கு. அந்த முகத்தின் மறுபாதி எப்படி இருக்கும் என்பதே அவளுக்குச் சந்தேகமாகிவிட்டது.

இந்த நிலைமையில்தான் ஜன்னல் கண்ணாடி வியாபாரத்தில் கொழுத்த ட்ரெவர் ஸ்லேட்டர் என்பவர் கிளப்பை வாங்கினார். வாங்கினவர் சும்மா இருப்பாரா? மைதானத்தின் மறுகோடியில் இருந்த ரயில் கேலரியை முந்தின முதலாளியே ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்கு விற்றுத் தின்றிருந்தார். கோல் கோட்டுக்கு அந்தப் பக்கம் பிஸ்கட்டும் சலவைத்தூளும் விற்பனையாகிக்கொண்டிருந்தன. மிச்சமிருந்த கால்வாய் கேலரியை இடித்து வீடுகள் கட்டப்போவதாக ஸ்லேட்டர் அறிவித்தார். ரோவர்ஸுக்கு நெடுஞ்சாலை ஓரமாகப் புது மைதானம், எல்லாருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி. ஊர் கொதித்தது. ஊர் கொதித்தால் என்ன செய்யவேண்டும் என்று ஸ்லேட்டருக்குத் தெரியும்: நினைவு விழா நடத்தினார். கேலரியைப் பற்றிய நினைவுகளைச் சொல்ல வாருங்கள், ஒலிப்பதிவு செய்து பாதுகாப்போம், வருகிறவர்களுக்கு, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடுகிற இறைச்சிப் பை இலவசம் என்று போஸ்டர் ஒட்டினார்.

அட, என்ன கூட்டம்! எழுபது வயதைத் தாண்டிய ஆண்பிள்ளை ஒவ்வொருவனும் அந்தப் பனி நாளில் கால்வாய் கேலரியில் கடைசிவரை நின்றதாகச் சொன்னான். அத்தனை பேரும் நின்றிருந்தால் கேலரி அன்றைக்கே கால்வாய்க்குள் சரிந்திருக்கும். அன்றைக்கு விழுந்த கோலைப் பற்றியும் எல்லாரும் சொன்னார்கள். ஒருவர் இடதுகால் என்றார், இன்னொருவர் தலையால் முட்டினது என்றார். ஆர்னல்டின் கூட்டாளி டெனிஸ் ஹோல்ராய்ட், ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது விழுந்தது, பந்து தன் தொப்பியைத் தட்டிக்கொண்டு போனது என்று சொல்லி, அழுது, இரண்டு பை சாப்பிட்டார். ஒலிப்பதிவுக்கு வந்த பெண் கடமைக்காகக் கேலரி மேலேயும் ஏறிப் போய் அந்த முந்நூறு பேரிடமும் கேட்டாள். அவர்களிடம் நினைவு எதுவும் இல்லை. அவர்களுக்கு அது இன்னும் அந்தச் சனிக்கிழமைதான். "மறைக்காதம்மா, தள்ளி நில்லு" என்று மட்டும் சொன்னார்கள். அது பதிவில் சேர்க்கப்படவில்லை.

இவர்களை எப்படி இறக்குவது என்று யோசித்த ஸ்லேட்டர், அன்றைய நடுவரின் மகனைத் தேடிப் பிடித்தார். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். மகனும் நடுவராக இருந்து ஓய்வு பெற்றவர், அது சில குடும்பங்களில் ஆஸ்துமா மாதிரி இறங்குகிற சமாச்சாரம். அப்பாவின் அந்த நாள் விசில், பித்தளையில் செய்தது, அவரிடம் பத்திரமாக இருந்தது. கறுப்புச் சட்டை போட்டு மைதானத்து நடுவில் நிறுத்தினார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். மகன் மூச்சை இழுத்து, ஆட்டம் முடிந்தது என்பதற்கு உரிய மூன்று நீள விசில்களை ஊதினார். அரை நூற்றாண்டில் முதல்முறையாகக் கேலரிக்காரர்களின் காதில் தங்கள் ஆட்டத்து விசில் விழுந்தது. மறுகணம் தகரக்கூரை அதிர்ந்தது. "டேய் குருட்டுப்பயலே, என்னத்தடா ஊதுற? கடியாரம் பாக்கத் தெரியுமா தெரியாதா? உங்கப்பன் வீட்டு ஆட்டமாடா இது?" என்று முந்நூறு வாய்களும் பொரிந்து தள்ளின. ஒருவரும் இறங்கவில்லை. கூட்டத்தின் உணர்ச்சிப் பெருக்கு தன்னை நெகிழவைத்ததாக ஸ்லேட்டர் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். என்ன கத்துகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேலரியில் நிற்கிறவன் கத்துவதைக் கேட்கிற வழக்கம் எந்த முதலாளிக்கும் இருந்ததில்லை.

பிறகு அவர் வக்கீலைக் கேட்டார். வக்கீல் நன்றாகப் படித்தவர். அறுபத்திரண்டுக்குப் பிறகு டிக்கெட் வாங்காத ஒருவர் சட்டப்படி அங்கே இல்லை, ஊரார் மனதில் அவர் இருந்தால் அது நினைவு, நினைவுகளை வெளியேற்றவேண்டிய கட்டாயம் இடிப்பவருக்குக் கிடையாது, ஒரு பித்தளைத் தகடு பதித்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தார். தகடு செய்யப்பட்டது. திங்கட்கிழமை காலையில் இயந்திரம் வரும் என்று முடிவானது. விழாவில் அழுதவர்கள் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, ஞாபகமாக வைத்துக்கொள்ளத் தலைக்கு ஒரு செங்கல் கிடைக்குமா என்று விசாரித்தார்கள்.

மேவிஸ் அந்தச் சனிக்கிழமை ஃப்ளாஸ்க் கொண்டுபோகவில்லை. முழங்கால் வலியோடு படியேறிப் பனிக்குள் புகுந்து, புருஷனுக்குப் பக்கத்தில் மூச்சு வாங்க நின்றாள்.

"ஆர்னல்ட், திங்கக்கிழமை இதை இடிக்கறாங்க. உன்னையும் சேத்துதான். எறங்கி வா."

"ஆட்டம் முடியட்டும்."

"உன் ஆட்டத்துல இடி விழ! எப்பதான்யா முடியும் அது?"

இத்தனை வருஷமும் அவள் கேட்டதெல்லாம் எப்போது வருவாய் என்பதைத்தான். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை, அதன் பேரைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆர்னல்டுக்கு எரிச்சல் வந்தது.

"இன்னும் ஹாஃப் டைமே வரல, அதுக்குள்ள எப்ப முடியும்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

மேவிஸ் விடுவிடுவென்று இறங்கி நேரே டெனிஸ் வீட்டுக்குப் போனாள். "ஹாஃப் டைம்னா இவங்க என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள். டெனிஸ் உற்சாகமாகிவிட்டார். பக்கம் மாறும் இல்லையா, முதல் பாதியில் நம்மாட்கள் கால்வாய்ப் பக்கம் கோல் போடுவார்கள், இரண்டாம் பாதியில் ரயில் பக்கம். அதனால் இடைவேளை விசில் அடித்ததும் நாமெல்லாரும் கேலரியைக் காலி செய்துவிட்டுப் பக்கச் சந்து வழியாக ரயில் கேலரிக்குப் போய்விடுவோம், நம் ஆள் கோல் போடுகிற பக்கம்தானே நாம் நிற்கவேண்டும், சாகிறவரைக்கும் அதுதான் பழக்கம் என்றார்.

"அன்னிக்கும் போனீங்களா?"

"அன்னிக்கு எங்க போறது? ஹாஃப் டைமுக்கு முன்னாடியே பனி எறங்கிருச்சே. நான் பஸ்ஸைப் பிடிச்சு..." என்று ஆரம்பித்து டெனிஸ் நிறுத்திக்கொண்டார். தொப்பியைத் தட்டிய கோலைப் பற்றி மேவிஸ் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு அதற்கு நேரமில்லை.

ஸ்லேட்டரின் ஆபீஸுக்குப் போனாள். "மேவிஸ் அம்மா, ஃபுட்பால் விஷயத்தை எங்ககிட்ட விடுங்க, நீங்க போய் ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில் இயந்திரம் வந்து கேலரிக்கு எதிரே கழுத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. தகட்டோடு படம் பிடிப்பதற்காக நடுவரின் மகனும் கறுப்புச் சட்டையில் வரவழைக்கப்பட்டிருந்தார். மேவிஸ் கயிற்றைத் தாண்டிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, இவங்களுக்கு இன்னும் ஹாஃப் டைமே வரல. ஹாஃப் டைமுக்கு ஊதுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் நேர்மையானவர். முதல் பாதி முடியாத ஆட்டத்துக்கு முடிவு விசில் ஊதிவிட்டோமே என்று அவர் முகம் சிவந்துபோனது. உடனே ஊதிவிடவும் முடியாது, ஆட்டம் நின்றுபோன நேரத்தை விதிப்படி சேர்க்கவேண்டும் என்றார். பனிக்கும் மற்றத் தாமதங்களுக்கும் சேர்த்து இரண்டு நிமிஷம் கொடுத்தார். ஸ்லேட்டர் கத்தினார், இயந்திரக்காரர் இறங்கி டீ குடித்தார். இரண்டு நிமிஷம் கழிந்ததும் நடுவரின் மகன் ஒரே ஒரு தரம், அளவாக, இடைவேளைக்கு ஊதினார்.

முந்நூறு பேரும் பெருமூச்சு விட்டுக் காலை உதறிக்கொண்டார்கள். "இந்த லட்சணத்துல வெளையாடினா வெளங்கிரும்" என்று யாரோ சொன்னார்கள். பிறகு படிகளில் இறங்கி, சிகரெட் பற்றவைத்து, தங்கள் பனியையும் கூடவே கூட்டிக்கொண்டு, பக்கச் சந்து வழியாக மறுகோடிக்கு நடந்தார்கள். சூப்பர் மார்க்கெட்டின் கண்ணாடிக் கதவுகள் யாருக்கும் திறப்பதுபோல இவர்களுக்கும் திறந்தன. ரயில் கேலரியில் அவரவர் வழக்கமாக நிற்கிற இடம் எதுவோ அந்த இடத்தில், பிஸ்கட்டுக்கும் சலவைத்தூளுக்கும் நடுவில், போய் நின்றுகொண்டார்கள். பின்னால் கால்வாய் கேலரி மளமளவென்று சரிந்தது. அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாம் பாதியில் அந்தப் பக்கம் யாருக்கு வேண்டும்?

செய்தி பரவி ஊர் ஓடிவந்தது. அறுபது வயதுப் பிள்ளைகள் இருபத்தெட்டு வயது அப்பாக்களிடம், தொப்பி போடாமல் வெளியே வந்ததற்குத் திட்டு வாங்கிக்கொண்டு தலைகுனிந்து நின்றார்கள். இடைவேளையில் பார்ப்பதற்கு மைதானத்தில் எதுவும் கிடையாது. ஆகவே ஆண்கள் திரும்பி மனிதர்களைப் பார்த்துப் பேசுவார்கள். மேவிஸ் சலவைத்தூள் வரிசையில் ஆர்னல்டுக்கு எதிரே போய் நின்றாள். அவன் திரும்பினான். முழு முகமும் இருந்தது. மறுபாதி அவள் பயந்த மாதிரி இல்லை, நன்றாகவே இருந்தது.

"ஆலைல இருந்து நேரா வர்றியா? தலையெல்லாம் பஞ்சு" என்று சொல்லி அவன் கையை நீட்டி அவள் தலையைத் தட்டிவிட்டான். அது போகவில்லை. இன்னொரு தரம் தட்டினான். அப்புறம் கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டான்.

"ரொம்ப நேரம் நின்னுட்டேனா மேவிஸ்?"

"கொஞ்சம்" என்றாள் மேவிஸ்.

அந்த நேரம் பார்த்துத்தான் நடுவரின் மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். இடைவேளை பத்து நிமிஷம் ஆகப்போகிறது, இரண்டாம் பாதிக்கு ஊதிவிடவா என்று கேட்டார். ஊதினால் முந்நூறு கழுத்துகளும் திரும்பிக்கொள்ளும் என்பது மேவிஸுக்குத் தெரியும். வெளியே மேகம் கறுத்திருந்தது, நவம்பர் மாதம் வேறு. ஆட்டம் முடிந்தால் வீட்டுக்கு வருவான்தான். எந்த ஆட்டம் இந்த ஊரில் ஒழுங்காக முடிந்திருக்கிறது? புருஷனின் கையைத் தலையிலிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, இன்னொரு கையை நடுவரிடம் நீட்டினாள்.

"அதை இப்படிக் குடுங்க தம்பி. செத்த மனுசன் எச்சில் பட்ட விசில், அதையா வாயில வைக்கறது? கழுவித் தர்றேன்."

கொடுத்தார். சூப்பர் மார்க்கெட்டின் தலைமையகம் முதலில் வழக்குப் போடுவதாக மிரட்டியது, இறைச்சிப் பை வியாபாரம் ஏறினதும் விட்டுவிட்டது. வாடிக்கையாளர்கள் தள்ளுவண்டிகளை அவர்களைச் சுற்றி ஓட்டிப் பழகிவிட்டார்கள். அந்த வரிசையில் மட்டும் கொஞ்சம் பனி இருக்கும், சலவைத்தூள் டப்பாக்கள் லேசாக நமுத்திருக்கும், மற்றபடி தொந்தரவு ஒன்றுமில்லை. ஸ்லேட்டர் பித்தளைத் தகட்டை ரொட்டிப் பகுதிக்கு மேலே பதித்தார். மேவிஸ் கடை திறக்கும்போது வந்து மூடும்போது போகிறாள். ஆர்னல்டும் அவளும் ஓயாமல் பேசிக்கொள்கிறார்கள், பாதி நாள் சண்டைதான். நடுவரின் மகன் வாரத்துக்கு ஒரு முறை வந்து மரியாதையாக விசிலைக் கேட்கிறார். இன்னும் கழுவி முடியவில்லை என்கிறாள் மேவிஸ்.