தடித்த தகட்டில் ஒரு கோபுரம்

"நீயே தூக்கிப் பாரு. இது கப்பலுக்கு வச்ச கோபுரமா, பேங்க் லாக்கரா?"

"போன வருஷம் மரத்துல செஞ்சது முதல் இடியிலயே தீக்குச்சியாட்டம் சிதறிச்சே, அப்ப யாரு அழுதா?"

"நான் ஒண்ணும் அழல."

"ஆமா, கண்ணுல வேர்த்துச்சு."

மார்லிஸ் தன் தம்பி கேலனை முறைத்துவிட்டுக் கோபுரத்தை மடக்கு மேசைமேல் வைத்தாள். மேசை முனகியது. சுற்றிலும் சோளக்காடு, நடுவில் குளம், கரையில் கூட்டாளிகள் ஆளுக்கொரு மாதிரிப் போர்க்கப்பலை மடியில் கிடத்தி அதன் துப்பாக்கிகளுக்கு அழுத்த வாயு நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் அயோவாவில் இந்த மாதத்தில் மற்றவர்கள் மீன் பிடிப்பார்கள். இவர்கள் கப்பலை மூழ்கடிப்பார்கள்.

அக்காவுக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒரே கப்பல்தான். பழைய ஜப்பானியப் போர்க்கப்பலின் மாதிரி, ஆள் மார்பளவு நீளம். அதன் பக்கங்களில் மெல்லிய பால்சா மரத் தோல்தான் இருக்கவேண்டும். எதிரியின் எஃகுக் குண்டு அதைத் துளைக்கவேண்டும் என்பதே விளையாட்டு. தளத்துக்கு மேலே எழும் கோபுரத்தை மட்டும் அவரவர் விரும்பியபடி உறுதியாகச் செய்துகொள்ளலாம். சிலர் தெர்மோகோலைச் செதுக்கிக் கண்ணாடியிழை பூசுவார்கள். பெரும்பாலானவர்கள் தேர்தல் முடிந்ததும் புல்வெளிகளில் அநாதையாக நிற்கும் பிளாஸ்டிக் பலகைகளைப் பிடுங்கிவந்து வெட்டுவார்கள். எடையே இருக்காது, இடித்தாலும் உடையாது. கொடிமரத்துக்குப் புல்வெட்டும் கருவியின் நைலான் நரம்பு. வளையும், நிமிரும்.

கேலன் இவற்றில் எதையும் எடுக்கவில்லை. குண்டு துளைக்காத ஜன்னலுக்குப் போடும் பிளாஸ்டிக் தகட்டை வாங்கி, மூன்று மில்லிமீட்டர் கனத்தில், அடுக்கடுக்காகக் கோபுரம் எழுப்பிவிட்டான். கப்பலின் மொத்த எடை விதியைத் தாண்டியதும் அடியில் இருந்த ஈயத்தைக் கழற்றி எறிந்தான்.

"அடி லேசு, தலை கனம். கவுந்துடும்டா."

"குளிக்கிற தொட்டியில விட்டுப் பாத்துட்டேன். கல்லு மாதிரி நின்னுச்சு."

"தொட்டியில எப்படிடா திரும்பும்?"

"வாயை மூடிக்கிட்டு நீ ஓட்டு."

ஊதல் ஒலித்தது. கப்பலைக் கரையிலிருந்தே ஓட்டும் இயக்குபெட்டி மார்லிஸின் கையில் இருந்தது. போன பருவத்திலிருந்தே அவள்தான் ஓட்டுகிறாள். உன் கட்டைவிரல் என்னைவிட வேகம் என்று அவன்தான் கொடுத்தான். எதிரில் கூட்டாளிகளில் ஒருவனான டிவிட்டின் கப்பல் மூக்கை நீட்டிக்கொண்டு பாய்ந்தது. அவள் முழு வேகத்தில் இடது பக்கம் ஒடித்தாள். கோபுரம் வலது பக்கம் சாய்ந்தது. சாய்ந்தது எழவில்லை. தளத்தின்மேல் தண்ணீர் ஏறியது, கப்பல் சத்தமில்லாமல் உள்ளே போனது. ஆரஞ்சு மிதவை மட்டும் மேலே வந்து ஆடியது.

கரை முழுக்கச் சிரிப்பு.

"சுடறதுக்கு முன்னாடியே தற்கொலையா!" என்று யாரோ கத்தினார்கள்.

மூழ்கிய கப்பலைப் பக்கத்தில் இருந்த எதிரிதான் இறங்கி எடுத்துத் தரவேண்டும். டிவிட் அலுத்துக்கொண்டே இடுப்பளவு சேற்றில் இறங்கினான்.

கப்பலைத் துடைக்கத் துண்டு எடுக்க மார்லிஸ் தம்பியின் பெட்டியைத் திறந்தாள். துண்டுக்கு அடியில் பிளாஸ்டிக் பலகைத் துண்டுகள் குவிந்துகிடந்தன. தோற்றுப்போன ஏதோ வேட்பாளரின் பெயர், எழுத்தெழுத்தாக நறுக்கப்பட்டிருந்தது. எல்லாமே கோபுரத்தின் ஒரே சுவர், திரும்பத் திரும்ப வெட்டிப் பார்த்தது. ஒன்றில்கூடக் கோடு நேராக இல்லை. கத்தி நெளிந்து, தடுக்கி, வழி தவறியிருந்தது. ஒரு துண்டில் பழுப்பாக ரத்தக் கறை.

தடித்த தகட்டை மேசை ரம்பத்தில் வழிகாட்டும் சட்டத்தோடு ஒட்டித் தள்ளினால் போதும், இயந்திரமே நேராக அறுத்துவிடும். மெல்லிய பலகைக்குத்தான் கத்தி வேண்டும், கத்திக்கு ஆடாமல் நிற்கிற கை வேண்டும்.

"பாத்துட்டியா?" கேலன் பின்னால் நின்றிருந்தான்.

"எப்ப இருந்துடா?"

"ஆயிடுச்சு கொஞ்ச நாள். உயிருக்கு ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கை மட்டுந்தான். காபிய இடது கையில குடிச்சா யாருக்கும் தெரியாது."

"எனக்கே தெரியலையேடா." அவன் கையைப் பிடிக்கப் போனாள். அவன் அதைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. கப்பலின் துப்பாக்கிகளில் குண்டு நிரப்புவதும் பாதுகாப்பு ஊசியை உருவுவதும் அவன்தான், அதுவும் கரையில் இத்தனை பேர் நிற்கும்போது. கை நடுங்குகிற யாரையும் கப்பல் பக்கமே விடமாட்டார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு டிவிட்டுடையது.

"குண்டு போடறப்போ?"

"ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கறேன். இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல." அவன் குரல் தாழ்ந்தது. "இதையும் எடுத்துட்டா சனிக்கிழமைக்கு எனக்கு என்ன இருக்கு, சொல்லு."

டிவிட் சொட்டச் சொட்டக் கரையேறி, கப்பலைப் புல்மேல் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தான். கோபுரத்தைத் தட்டிப் பார்த்தான்.

"ஒரு கீறல் இல்லையே! டேய் கேலன், எங்க எல்லாருக்கும் மெல்லிசா வெட்டக் கத்துக்குடுத்தவனே நீதானடா. உனக்கு ஏன் இந்தத் தடிமன்?" அவன் சிரித்துக்கொண்டே மார்லிஸ் பக்கம் திரும்பினான். "நீயாவது சொல்லு, இவனுக்கு என்னாச்சு?"

கேலன் அவளுடைய தோளோடு தோள் ஒட்டி நின்றான். பைக்குள் இருந்த கையின் அதிர்வு அவள் முழங்கைவரை வந்தது.

"இந்த ஒரு பருவம் மட்டும், மார்லிஸ்," என்றான், உதடு அசையாமல். "சொல்லாம இரு."