மீந்துபோன விருந்து

மாமியார் தொலைபேசியில் யாரிடமோ சின்ன மருமகளின் பெருமையை அளந்துகொண்டிருந்தாள். "எங்க சின்னவ, தான் நடத்துற கேண்டீன்ல மீந்த சாப்பாட்ட ஒரு பருக்கைகூட வீணாக்க மாட்டா. பாலத்துக்கு அடியில கிடக்கிறவங்களுக்குக் கொண்டுபோய்க் குடுத்துடுவா. அவள சாமி மாதிரி பாக்கறாங்களாம்!"

பெரிய மருமகள் கையிலிருந்த பாத்திரத்தைத் தொட்டியில் ணங்கென்று போட்டாள். அவளும் சமையல்காரிதான். ஊரில் பாதி விருந்துக்கு அவள் கைமணம்தான். இந்த வீட்டுக்கு முதலில் வாழ வந்தவளும் அவள்தான். ஆனாலும் பேச்செல்லாம் நேற்று வந்தவளைப் பற்றியே. கணவன்கூட, "அவகிட்ட கொஞ்சம் கத்துக்கயேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அன்று ஒரு கம்பெனியின் மதிய விருந்துக்கு அவள் சமைத்திருந்தாள். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. சோறும் கோழிக்கறியும் அண்டா அண்டாவாக மீந்து, மூடக்கூட ஆளில்லாமல் வெக்கையில் பொழுது சாயும்வரை கிடந்தன.

"அக்கா, கறி ஒரு மாதிரி வாடை அடிக்குது. கொட்டிடவா?" என்றாள் கூடமாட வேலை செய்பவள்.

"பசிச்சுக் கிடக்கிறவங்க வாடையா பாக்கப் போறாங்க? மூடி வண்டியில ஏத்து!"

சின்னவள் ஒருமுறை சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. "சூடா இருக்கும்போதே குடுத்துடணும்க்கா. இல்லன்னா உடனே ஃப்ரிட்ஜுல வச்சு, திரும்பக் கொதிக்கவச்சுத்தான் குடுக்கணும். சும்மா கிடந்த சோறு ஆளையே சாய்ச்சிடும்." எனக்கே சமையல் சொல்லித்தர வந்துட்டா என்று அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டவள், இன்றும் திருப்பிக்கொண்டாள்.

பாலத்தடியில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி எட்டிப்பார்த்து, "கேண்டீன் அம்மா வரலையா?" என்றாள். அது சுருக்கென்று தைத்தது. பெரியவள் எல்லார் தட்டிலும் குவித்துப் போட்டாள். வீட்டில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஊரார் வாய்ப் புகழாகவே மாமியார் காதுக்குப் போகட்டும் என்று காத்திருந்தாள்.

மறுநாள் காலை கணவன் ஓடிவந்தான். "பாலத்தடி ஆளுங்கள்லாம் வாந்தியும் பேதியுமா ஆஸ்பத்திரியில கிடக்கிறாங்க. சாப்பாடு குடுக்கிறது சின்னவதானேன்னு அதிகாரிங்க அவ கேண்டீனுக்கு சீல் வச்சுட்டாங்க!"

ஒரு நொடி, பாழாய்ப்போன அந்த ஒரு நொடி, அவள் நெஞ்சு தித்தித்தது. அடுத்து அவன் சொன்னான்: "ஒரு கைக்குழந்தை கண்ணே திறக்கலையாம்."

அவள் போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே சின்னவள் அந்தக் குழந்தைக்காரியின் தலையைத் தாங்கிப் பிடித்தபடி, வாந்திக்குப் பாத்திரத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். குழந்தைக்காரி வாயைத் துடைத்துக்கொண்டு, கதவோரம் நின்றவளை அடையாளம் கண்டுகொண்டாள்.

"நீங்க போடும்போதே புளிச்ச வாடை வந்துச்சும்மா. வேணாம்னு சொன்னா நாளைக்கு வராமப் போயிடுவீங்களேன்னு தின்னுட்டோம். சோத்த மசிச்சுப் பால்ல கரைச்சுப் பிள்ளைக்கும் ஊட்டினேன்."

சின்னவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "அக்கா... நீங்களா?"

பெரியவளுக்கு ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிறகு, வெளியே நின்ற அதிகாரியிடம் நேராகப் போனாள். "அந்தச் சாப்பாடு என்னோடதுங்க. கேண்டீன்காரிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

கேண்டீன் திறந்தது, பெரியவளின் சமையற்கூடத்துக்குப் பூட்டு விழுந்தது. மருத்துவர்கள் பாடுபட்டதில் அந்தக் குழந்தை கண் திறந்து அழுதது. அந்த அழுகையைக் கேட்டபிறகுதான் அவள் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தாள். சின்னவள் அவளோடு பேசவில்லை. கோபம் ஆற நாளாகும் என்பது பெரியவளுக்கும் தெரிந்திருந்தது.

"நல்லது செய்யப் போய் இப்படி ஆயிடுச்சேடி!" என்று மாமியார் அங்கலாய்த்தாள்.

"நல்லது செய்யவா போனேன்? அவள முந்தணும்னு போனேன் அத்தை," என்றாள் பெரியவள். "நம்ம பிள்ளை தட்டுல போட மனசு வராத சோத்த, இல்லாதவங்க தட்டுல போடுறது விஷம் வைக்கிற மாதிரிதான். குடுத்தா சாப்பிடுற பக்குவத்துல குடுக்கணும். அது முடியாட்டி, குப்பையில கொட்டிட்டுப் பேசாம இருக்கணும்."