பிரிபடாத பங்கு

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொண்டுவந்திருந்தார். வேலியை எடுக்கச் சம்மதம் என்று மேலே அச்சடித்திருந்தது. அவசரமில்லை என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனார். கீழ்வீட்டம்மா அந்தக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் போய் நான்கு மாதம் ஆகிறது, அவளுக்கு இன்னும் அழுகை வரவில்லை.

இருபத்துநான்கு வீட்டுக்கும் முற்றம் ஒன்றுதான். அதில் தங்கள் சமையலறையை ஒட்டிய பத்தடியை, குடிவந்த வாரமே அவர் கம்பிவேலி போட்டு வளைத்து, கேட் வைத்துப் பூட்டினார். கட்டிக்கொடுத்தவர் வாய்வார்த்தையாகக் கொடுத்தாராம். நடுவில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. பதினொரு வருஷம் அந்த இடத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தார். மாடியிலிருந்து துணி பறந்து விழுந்தால், வந்து கெஞ்சினால்தான் கிடைக்கும். கெஞ்சியவர்களை மறுநாள் படிக்கட்டில் பார்க்க வேண்டியவள் இவள். வெட்கம் பிடுங்கித் தின்றதெல்லாம் அந்தக் காலம். இப்போது எதுவும் பிடுங்கவில்லை. ஆனால் அவர் என்று சொல்ல மிச்சமிருப்பது அந்தப் பத்தடிதான், அதையும் விட்டுவிட்டால் அவர் ஒரேயடியாக இல்லாமல் போய்விடுவார் என்று மட்டும் தோன்றியது.

வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடி வக்கீலம்மாவிடம் போனாள்.

"முற்றம் பூராவும் உங்களுக்கு இருபத்துநாலுல ஒரு பங்கு இருக்கும்மா. ஆனா இதுதான் என் இடம்னு ஒரு சாண் கூட தனியா காட்ட முடியாது. எனக்கும் அப்படித்தான்."

"இது அவருக்குத் தெரியாம போச்சே."

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நாலு வருஷம் முன்னாடி இதே பத்திரத்தோட சார் வந்தாரு. இதையேதான் சொன்னேன்."

நாலு வருஷம் முன்புதான் கேட்டில் பூட்டு பெரிதானது. கோபம் வருமென்று இறங்கும்போது படிக்குப் படி எதிர்பார்த்தாள். வரவில்லை. வீட்டுக்கு வந்து பென்சில் குறியின் மேலேயே கையெழுத்துப் போட்டாள்.

வேலியை வெட்டுகிறவர்கள் காலையில் வந்தார்கள், அரைமணியில் வேலை முடிந்தது. சாயங்காலம் இரண்டாம் மாடிப் பெண் கைக்குழந்தையோடு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இவள் சுற்றிக்கொண்டு போய் எதிரில் நின்றாள். அந்த இடத்தில் இதுவரை கால் வைத்ததில்லை, சாவி அவரிடம்தான் இருக்கும்.

"நான் கொஞ்சம் உட்காரட்டுமா?"

"என்னக்கா, என்னைப் போய் கேக்குறீங்க," என்று அந்தப் பெண் நகர்ந்து இடம் விட்டாள்.

உட்கார்ந்ததும் எதிரே கொசுவலை அடித்த சமையலறை ஜன்னல். தினமும் உள்ளிருந்து அவரைப் பார்த்து டீ ஆகிவிட்டது என்று தலையாட்டுவாள், கோபமென்றால் கரண்டியைக் காட்டுவாள், ஆரம்பத்தில் சிரித்துக்கூடப் பார்த்தாள். அவர் இந்தப் பெஞ்சில் நேருக்கு நேர் பார்த்தபடி கல்லாக உட்கார்ந்திருப்பார். மனுஷனுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

இங்கிருந்து பார்த்தால் கொசுவலைக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. கறுப்பாக ஒரு சதுரம், அவ்வளவுதான். உள்ளே குழாய் சொட்டுவது மட்டும் கேட்டது.

சாய்மானம் இல்லாத பெஞ்சு. திரும்பி உட்கார்ந்தால் முற்றம் முழுக்கத் தெரியும். அவர் ஒருநாளும் திரும்பி உட்காரவில்லை.