ஊர் தின்ற கல்யாணம்

செங்கம்மாளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு காகிதம். தனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று சர்க்கார் முத்திரை குத்திச் சொல்லும் காகிதம். ஜெர்மனியில் அவள் நர்ஸாக இருக்கும் ஊரில், அவளும் ஸ்டெஃபானும் கல்யாணத்தைப் பதிவு செய்யப் போனபோது, மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள், “நீங்கள் வெளிநாட்டுக்காரர். உங்களுக்கு அங்கே கணவர் யாரும் இல்லை என்று உங்கள் ஊர்தான் சொல்ல வேண்டும்” என்று சொல்லிவிட்டாள். ஸ்டெஃபான் தன் பங்குக் காகிதத்தை ரொட்டி வாங்கப் போன வழியிலேயே வாங்கி வந்துவிட்டான். செங்கம்மாள் மட்டும் விமானம் ஏறி, சென்னையில் இறங்கி, கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, மலை ஏறி, கரியாலூருக்கு அப்பால் ஜீப்பில் குலுங்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. பதிவுக்கு நாள் குறித்தாயிற்று. லீவு முடிவதற்குள் காகிதம் கிடைக்காவிட்டால் அந்த நாள் போய்விடும். அடுத்த லீவு அடுத்த வருஷம்தான். முப்பத்து நாலு வயதுக்காரி ஒரு வருஷத்தை அப்படித் தூக்கிப் போட முடியாது.

கிராம நிர்வாக அலுவலர் ஆதிமூலம் மலையில் குடியிருக்க வேண்டியவர். குடியிருந்தது கள்ளக்குறிச்சியில். மழை பெய்தால் பாதை சரியில்லை என்பார், வெயில் அடித்தால் வண்டி சூடாகிறது என்பார். இரண்டும் இல்லாமல் மேகம் மூடியிருந்த ஒரு நாளில் செங்கம்மாள் அவரைப் பிடித்தாள். அவள் ஆன்லைனில் போட்டிருந்த விண்ணப்பத்தை அவர் போனில் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

“இன்னாம்மா இது? கல்யாணம் ஆச்சுன்னா பத்திரிகை காட்டலாம், போட்டோ காட்டலாம். ஆவலைன்னா இன்னாத்தக் காட்டுவ?”

“அது தெரியாமத்தான் சார் உங்களைத் தேடிக்கினு வந்தேன்.”

“வெள்ளைக்காரனையா கட்டப் போற? நம்ம பக்கம் ஆம்பளைக்குப் பஞ்சமா?”

வாயில் வந்ததைச் சொன்னால் காகிதம் வராது. நடக்க முடியாத கிழவர்களுக்கு மலம் துடைத்துவிட்டுச் சிரித்த முகமாக அடுத்த கட்டிலுக்குப் போகிறவள் அவள். இந்த ஆள் முன்னால் சிரித்த முகமாக நிற்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

“சரி, சரி. ஊர்ப் பெரியவங்க நாலு பேரு எம் முன்னாடி, இந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆவலைன்னு சொல்லிக் கையெழுத்துப் போடட்டும். நான் மேல அனுப்பிடறேன்.”

இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டே அவள் நேராகக் கருப்பண்ணனிடம் போனாள். கருப்பண்ணன் அம்மாவின் அண்ணன், ஊர்க்கவுண்டர். கட்டிலை விட்டு எழுந்திருக்காமல் ஊரை நடத்துகிறவர். செங்கம்மாள் பாவாடை கட்டிய காலத்திலேயே அவள் தன் மகனுக்குத்தான் என்று அறிவித்து வைத்தவர். அந்த மகனோ, அப்பன் வாங்கிக் கொடுத்த வேனைப் பள்ளத்தில் விட்டுவிட்டு, வேனைத்தான் குறை சொன்னவன். இப்போது வேறு ஒருத்தியைக் கட்டிப் பிள்ளை குட்டியோடு இருந்தான். அந்தப் பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் செங்கம்மாளுக்கு மனசு கஷ்டப்படும்.

கருப்பண்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“நான் எப்படிம்மா கையெழுத்துப் போடறது? நீதான் கல்யாணம் ஆனவளாச்சே.”

“யாரு மாமா சொன்னது?”

“யாரு சொல்லணும்? தின்னமே! உங்கம்மா கெடா வெட்டி, ஊரையே உக்கார வச்சிப் போட்டாளே. மொத எலை எனக்குத்தான்.”

அந்த ஊரில் பத்திரிகையும் பதிவும் டவுன்காரன் சமாசாரம். ஊர் பந்தியில் உட்கார்ந்து தின்று எழுந்தால் கல்யாணம் ஆயிற்று. தின்றவன் சாட்சி. அப்படிப் பார்த்தால் இந்த மலையில் செங்கம்மாளைப் போல அழுத்தமாகக் கல்யாணம் ஆனவள் வேறு யாரும் இல்லை. மூன்றாவது தடவை சோறு வாங்கியவர்கள்கூட உண்டாம்.

வீட்டில் அம்மா சாமியம்மாள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். மகள் வந்து நின்ற நிலையைப் பார்த்ததுமே முறம் நின்றுவிட்டது.

“இன்னா பண்ணச் சொல்ற? உங்கப்பா பூட்டாரு. நீ நர்ஸ் வேலைன்னு மெட்ராசுல இருந்த. எங்கண்ணன் அவரு மவனுக்குப் பரியம் போடறது எப்போ, எப்போன்னு வாசல்லயே நின்னுகினு இருந்தாரு. நீ மாட்டேன்னு சொல்லிட்டன்னு சொன்னா வுடுவாங்களா? அதான், அங்கியே ஒரு நல்ல பையனாப் பாத்துக் கட்டி வச்சிட்டாங்கன்னு சொன்னேன். ஊர்ச்சோறு போட்டேன். வாய மூடிக்கினாங்க.”

“வூட்டுக்கு ஓடு மாத்தச் சொல்லி அனுப்புன பணத்துலயா?”

சாமியம்மாள் ஒழுகிக் கறை பிடித்த கூரையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். “கெடா நல்ல கெடா” என்றாள்.

லீவில் வந்தபோதெல்லாம் பெண்கள், “இன்னாடி, மருமவன் வரலியா?” என்று கேட்டது செங்கம்மாளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. கல்யாணமாகாதவளைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்து வைத்திருக்கிறாள். அந்தச் சிரிப்பும் அவளுக்கு எதிரான சாட்சிதான். அந்த நேரத்தில் அம்மாவை அவள் வெறுத்தாள். வந்த நாளிலிருந்து இந்த அம்மா, ஜெர்மனிக்காரனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இல்லாத மருமகனுக்குக் கிடா வெட்டினவள், இருக்கிறவனைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மறுபடி மேகம் மூடிய ஒரு நாளில் ஆதிமூலம் மலை ஏறினார். கோயில் முன்னால் நாற்காலி போட்டார்கள். வேலை வெட்டி இருந்தவர்களும் அதை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். கூப்பிட்டால் ரேஷன் கடைக்குக்கூட இவ்வளவு வேகமாக வராத கூட்டம் அது. தனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று செங்கம்மாள் அவர்கள் முன்னால் சொன்னாள்.

“தின்ன வாயால இல்லைன்னு சொல்ல மாட்டோங்க” என்றார் கருப்பண்ணன். தர்மமே உருவெடுத்து வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். “வேணும்னா ஒண்ணு செய்யலாம். துரும்பு கிள்ளிப் போட்டுத் தீத்து வுட்டுடலாம். மாப்பிள்ளை வர முடியலைன்னா அவருக்குப் பதிலா ஒரு ஆளு நிக்கட்டும். எம் மவனே இருக்கான்.”

மகன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தான். கட்டிக்கொள்ளத்தான் கொடுத்து வைக்கவில்லை, விலக்கி வைக்கவாவது கிடைத்ததே என்று அவனுக்கு ஒரு திருப்தி.

“தீத்து வுட்டா அது விவாகரத்து. கோர்ட்டு ஆர்டர் வேணும்” என்றார் ஆதிமூலம்.

“செத்துப் பூட்டாருன்னு வச்சிக்கிட்டா?” என்றார் கூட்டத்தில் ஒருவர், உதவி செய்கிற நல்லெண்ணத்தில்.

“அப்ப இறப்புச் சான்று வேணும்.”

ஊர் கவலையோடு யோசித்தது. இல்லாத ஒருவனை எப்படிக் கொன்றால் காகிதம் கிடைக்கும் என்று பெரியவர்கள் தாடையைத் தடவினார்கள். அவன் இருந்தானா என்று யோசிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இவர்களின் கையெழுத்துக்காக ஸ்டெஃபான் அங்கே நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தபோது செங்கம்மாளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

ஆதிமூலம் வானத்தைப் பார்த்தார். கறுத்துக்கொண்டு வந்தது. “கல்யாணம் ஆனவர்னே எழுதி விண்ணப்பத்தைத் தள்ளுபடி பண்ணிடறேன்” என்று பேனாவைத் திறந்தார். “சொல்லுங்க. புருசன் பேரு இன்னா?”

பெரியவர்கள் மறுபடி தாடையைத் தடவினார்கள்.

“முருகேசன்னு சொன்ன ஞாபகம்” என்றது ஒரு குரல்.

“இல்லடா, செல்வராசு. துபாய்ல கீறாரே.”

“துபாயா? சேலத்துல கரண்ட்டு ஆபீசுன்னாங்களே.”

எல்லோரும் சாமியம்மாளைப் பார்த்தார்கள். சாமியம்மாள் தரையைப் பார்த்தாள். அந்த ஊரில் மாமியார் மருமகன் பெயரைச் சொல்வது வழக்கமில்லை. அதனால் இத்தனை வருஷமாக அவளும் சொல்லவில்லை, வேறு யாரும் கேட்கவும் இல்லை.

செங்கம்மாள் எழுந்து நின்றாள்.

“கறி வெந்துச்சா, உப்பு பத்துச்சான்னு கேட்டீங்க. கட்டுனவன் யாருன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? முப்பது வயசுக்குள்ள எவனுக்காவது என்னைக் கட்டிட்டா போதும். அவன் ஆளா, அரிசி மூட்டையான்னு உங்களுக்கு இன்னா கவலை? பந்திக்கு வந்தீங்க, தின்னீங்க, போனீங்க.”

“மாமாகிட்ட பேசுற பேச்சாடி இது?” என்று கருப்பண்ணன் கட்டில் ஞாபகத்தில் பின்னால் சாயப் போய், சாய இடமில்லாமல் தடுமாறினார்.

“இந்தாம்மா” என்று ஆதிமூலம் சாமியம்மாளிடம் திரும்பினார். “வழக்கமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். பேரைச் சொல்லு.”

சாமியம்மாள் முந்தானையை இடுப்பில் செருகினாள். நிமிர்ந்து பார்த்தாள். முதலில் அண்ணனை, அப்புறம் மகளை.

“சொல்லக் கூடாதுன்னு இல்லீங்க சார். நான் அந்தாளுக்குப் பேரே வைக்கல.”

பின் வரிசையில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அதற்கப்புறம் பெண்கள் பக்கம் சிரிப்பை அடக்க முடியவில்லை. கருப்பண்ணன் முகம் சுண்டிப் போயிற்று.

முதல் தூறல் ஆதிமூலத்தின் காகிதத்தில் விழுந்தது. “பேரில்லாத ஆளை நான் எந்தக் கட்டத்துல எழுதறது? கம்ப்யூட்டரு ஒத்துக்காது. பேரு தெரிஞ்சவங்க சொல்லுங்க. தெரியலைன்னா, கல்யாணம் ஆவலைன்னு கையெழுத்துப் போட்டு வுடுங்க. மழைக்கு முன்னாடி நான் எறங்கணும்.”

கையெழுத்துப் போட்டார்கள். கருப்பண்ணன் கடைசியாக, பேனாவில் ஏதோ அசிங்கம் ஒட்டியிருப்பது போலப் பிடித்துப் போட்டார். ஆக, உண்மைக்காக ஒருவரும் இறங்கி வரவில்லை. காலியாக நின்ற ஒரு கட்டமும் ஒரு தூறலும்தான் செங்கம்மாளைக் காப்பாற்றின. இப்படிப்பட்டவர்களின் அத்தாட்சியில் தன் கல்யாணம் நிற்கிறது என்பதே அவளுக்குக் கேவலமாக இருந்தது. ஆனாலும் காகிதம் நகர்ந்துவிட்டது.

தூறலில் அம்மாவும் மகளும் வீட்டுப் பக்கம் நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் சாமியம்மாள் கேட்டாள்.

“அவரு பேரு இன்னா?”

“எவரு?”

“நீ கட்டிக்கப் போறவரு.”

அம்மாவைத் திட்டுவதற்கென்று செங்கம்மாள் நிறையச் சேர்த்து வைத்திருந்தாள். அதை விட்டுவிட்டு, “ஸ்டெஃபான்” என்றாள்.

“ஸ்டெபானு” என்று சாமியம்மாள் சொல்லிப் பார்த்தாள். மாமியார் சொல்லக் கூடாத பெயரை நடுத்தெருவில், நாலு பேர் காதில் விழச் சொன்னாள். “நல்லாத்தான் கீது.”

பின்னாலிருந்து கருப்பண்ணனின் குரல் வந்தது. கோபம் அதற்குள் ஆறி, பசி வந்திருந்தது.

“ஏய் சாமியம்மா! அப்ப வெள்ளைக்காரன் கல்யாணத்துக்கு ஊர்ச்சோறு எப்போ?”

சாமியம்மாள் நிற்கவும் இல்லை, திரும்பவும் இல்லை.

“அதான் அன்னிக்கே தின்னுட்டீங்களே, அண்ணே.”