ஒன்பது பேர் முன்னால்

1.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஜோதிலிங்கத்தின் வீட்டில் இருந்தவர்கள்: ஜோதிலிங்கம், அவர் மனைவி வள்ளி, செக்ஷன் ஆபீசர் வெங்கடராமன், அவர் மனைவி வத்சலா. வழி காட்ட வந்த வத்சலாவின் தம்பி பட்டாபி உள்ளே வரவில்லை. மாடிப்படியில் வெயில் பட்ட இடமாகப் பார்த்து நின்று வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். வேறு யாரும் இல்லை. திருச்சிச் சொந்தக்காரர்கள் இல்லவே இல்லை.

இதை முதலிலேயே சொல்லவேண்டியிருக்கிறது. ஏனென்றால் இந்தக் கதை பிறந்தது திருச்சியில்தான். நடந்து ஏழு வருடம் கழித்து, போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், அங்கே இல்லாத ஒருவர் அங்கே நடந்ததைப் பக்கத்து இலைக்காரருக்கு விவரித்துக்கொண்டிருந்தார். வெங்கடராமன் மூன்று இலை தள்ளி உட்கார்ந்திருந்தார். மோர் சாதத்துக்கு அவர் இருக்கவில்லை.

இதை எழுதுகிறவரும் வெங்கடராமனும் ஒரே ஆள். மறைக்க ஒன்றுமில்லை. முப்பத்தோரு வருடம் டில்லியில் கோப்பு எழுதிய கைக்கு 'நான்' என்ற சொல் வராது, அவ்வளவுதான். கோப்பில் 'கீழே கையெழுத்திட்டவர்' என்றுதான் எழுத வேண்டும். பத்திக்கு எண் போடுவதும் அங்கிருந்து வந்த பழக்கமே.

2.

கைவிட்ட தொடக்கங்கள்:

'1978-ஆம் வருடம் டில்லியில் குளிர் சீக்கிரமே' [குளிருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஷூ வரும் இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.]

'வெங்கடராமன் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரும் யாரிடமும் மன்னிப்பு' [உண்மைதான். பெருமையாகத் தொடங்கிய வாக்கியம். முடிப்பதற்குள் பெருமைதானா என்று சந்தேகம் வந்துவிட்டது.]

'தவறு ஜோதிலிங்கத்தினுடையது அல்ல.'

இது நிற்கிறது. இங்கிருந்து போகலாம்.

3.

டிசம்பர் மாதம். பார்லிமெண்ட் கேள்வி ஒன்றுக்கு மறுநாளைக்குள் பதில் போகவேண்டும். காலியிடங்கள் எத்தனை என்பது கேள்வி. செக்ஷனில் அஸிஸ்டெண்டாக இருந்த ஜோதிலிங்கம், இராமநாதபுரம் ஜில்லாக்காரர், அதிகம் பேசாதவர், பதிலைத் தயார் செய்தார். அவர் போட்ட எண் 1143. மேலே போன தாளில் 1413. சபைக்குப் போவதற்குள் மேலதிகாரி கன்னா பார்த்துவிட்டார். வெங்கடராமனைக் கூப்பிட்டு, அறைக்கதவு திறந்திருக்கும்போதே, "சோ ரஹே தே க்யா, பண்டித்ஜி?" என்று கேட்டார். தூங்கிக்கொண்டிருந்தீரா என்று.

திரும்பி வரும்போது வராந்தாவில் வெங்கடராமனுக்குக் காது சூடானது. கோபம் அவருக்கு முதலில் காதுக்குத்தான் வரும் என்பதும், அது வாய்க்கு இறங்க ஒரு வராந்தா தூரம் ஆகும் என்பதும் ஐம்பத்திரண்டு வயதுவரை அவருக்குத் தெரியாது. அன்றும் தெரியவில்லை. மேலிருந்து வந்ததை ஒரு குறிப்புகூட எழுதாமல் அப்படியே கீழே தள்ளிவிட்டார். செக்ஷனுக்குள் நுழைந்து, நின்ற இடத்திலிருந்தே சொன்னார்:

"எழுந்திரு ஜோதிலிங்கம். எண்ணத் தெரியாதவனெல்லாம் பார்லிமெண்டுக்குப் பதில் எழுத வந்துவிட்டான். உன் பெண்டாட்டி டீச்சராகிவிட்டாளாமே? அவள் வகுப்பில் போய் பெஞ்சின்மேல் நின்று ஒன்று, இரண்டு கற்றுக்கொண்டு வா."

இதைத் தமிழில் சொல்லியிருந்தால் இரண்டு பேருக்குள் போயிருக்கும். செக்ஷனில் வேறு தமிழர் இல்லை. எல்லோருக்கும் புரியட்டும் என்று இந்தியில் சொன்னார். ஜோதிலிங்கத்தைத் தவிர ஒன்பது பேர் இருந்தார்கள். ஒன்பது பேரும் சிரித்தார்கள்.

4.

மாலையில் கோப்பைக் கட்டும்போது வெங்கடராமன் வரைவைப் பார்த்தார். தட்டச்சு மங்கலாக இருந்ததால் எண்ணின்மேல் யாரோ சிவப்பு மையில் திருத்தி எழுதியிருந்தார்கள். இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது. ஓரத்தில் திருத்தியவரின் சுருக்கொப்பம் இருந்தது. அது அவருடையது.

திட்டு வாங்கும்போது அந்தத் தாள் ஜோதிலிங்கத்தின் மேஜைமேல்தான் இருந்தது. அவர் அதைத் தூக்கிக் காட்டவில்லை.

[இந்த இடத்தில் ஜோதிலிங்கம் நம்பும்படியாக இல்லை. கற்பனைப் பாத்திரமாக இருந்தால் தாளை நீட்ட வைத்திருக்கலாம். ஒன்பது பேரும் மறுபடி சிரித்திருப்பார்கள், வெங்கடராமனைப் பார்த்து. கணக்கு அன்றைக்கே தீர்ந்திருக்கும். அவர் நீட்டவில்லை. ஏன் என்று இன்றுவரை]

5.

வெங்கடராமன் மறுநாள் தனக்குத் தெரிந்த வழியில் மன்னிப்புக் கேட்டார். கோப்பில் எழுதினார்: 'மேற்படி திருத்தம் கீழே கையெழுத்திட்டவரால் செய்யப்பட்டது. இது வருந்தத்தக்கது.' கையெழுத்துப் போட்டு, ஜோதிலிங்கத்தின் பெயரை ஓரத்தில் குறித்து, பியூன் மூலம் ஆறு அடி தள்ளியிருந்த அவர் மேஜைக்கு அனுப்பினார்.

கோப்பு அரை மணியில் திரும்பி வந்தது. கீழே ஜோதிலிங்கத்தின் அழகான கையெழுத்து: 'பார்க்கப்பட்டது. கோப்பில் சேர்க்கலாம்.' தேதி போட்டிருந்தார். கூடவே ஒரு விண்ணப்பம் செருகியிருந்தது. கௌஹாத்தி கிளைக்கு மாற்றல் கேட்டு. திங்கட்கிழமைக்குள் வெங்கடராமன் அதை மேலே அனுப்பியாக வேண்டும்.

மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வள்ளிக்கு வேலை கிடைத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. போனால் அது போய்விடும். போனாலும் பரவாயில்லை, இந்த அறையில் உட்காரமாட்டேன் என்று ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் அன்று சாயங்காலம் வத்சலா கேட்டாள்:

"ஏன்னா, ஃபைல்ல எழுதினா அது மன்னிப்பாயிடுமா?"

"ரெக்கார்ட்ல இருக்கே. அதுக்கு மேல என்ன வேணும்?"

"அச்சா. அப்போ எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்கோ. இருபத்தாறு வருஷத்துக்கும் சேத்து. பாத்தாச்சுன்னு கையெழுத்துப் போட்டு அரிசி டப்பாவுக்கு அடியில வெச்சுக்கறேன்."

"நம்மாத்துல யாரும் இன்னொருத்தன் வாசல்ல போய் நின்னதில்லை, வத்சலா."

"திட்டறதுக்கு மட்டும் நிப்பேளாக்கும்."

6.

இனி ஷூ. டில்லிக் குளிருக்காகப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை மாடியேறி வந்ததும் ஜோதிலிங்கம் கதவைத் திறந்தார். வெங்கடராமன் வாசலில் குனிந்தார். கயிறு முடிச்சு விழுந்து இறுகியிருந்தது. குனிந்தபடி வெகுநேரம் அதோடு போராடினார். ஜோதிலிங்கத்தின் பாதங்கள் எதிரே இருந்தன. பட்டாபி படியில் இருந்தான்.

"பரவாயில்ல சார், அப்படியே வாங்க" என்றார் ஜோதிலிங்கம்.

வள்ளி டீ கொண்டுவந்தாள். "எங்க வகுப்புல நூறு வரைக்கும்தான் சார் எண்ணுறது. அதுக்கு மேல வேணும்னா வேற டீச்சரைத்தான் பாக்கணும்" என்றாள். சிரிக்கவில்லை.

வத்சலா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

வெங்கடராமனுக்குக் காது சூடானது. இந்த முறை அது தெரிந்தது. டீயை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் இருந்தார். சூடு தானாக இறங்கியது. பிறகு சொன்னார்:

"அந்தத் திருத்தம் நான் பண்ணினது. உங்க ரெண்டு பேரையும் பேசினது தப்பு. என்னை மன்னிக்கணும்."

[பேச்சுக்குள் 'நான்' வந்திருக்கிறது. அது பாத்திரம் சொன்னது. விட்டுவிடலாம்.]

ஜோதிலிங்கம் தன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நல்லாச் சொல்றீங்க சார். ஆனா இங்க நாலு பேருதான் இருக்கோம். அன்னைக்கு ஒம்பது பேரு இருந்தாங்க. இப்ப தமிழ்ல சொல்றீங்க, அன்னைக்கு இந்தியில சொன்னீங்க."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல சார். டீ ஆறுது."

7.

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தாயிற்று. ஒன்றில் ஜோதிலிங்கம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறார். வள்ளி பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறாள். மற்றதில் இருவரும் கௌஹாத்தி ரயிலில் ஏறுகிறார்கள். வெங்கடராமன் வழியனுப்ப வருகிறார், சற்றுத் தாமதமாக. முதலாவது எழுதியவருக்கு நன்மை செய்கிறது. இரண்டாவது அவரைப் பரிதாபமாகக் காட்டுகிறது. இரண்டும் கிழிக்கப்பட்டன.

உண்மையில் எது நடந்தது என்பது ஒருவருடைய பணிப்பதிவேட்டில் இருக்கிற விஷயம். அதை வெளியில் சொல்லும் வழக்கம் இதை எழுதுகிறவருக்கு இல்லை. மன்னிப்புக் கேட்டால் என்ன கிடைத்தது என்று தெரியாவிட்டால் கதை குறைபட்டுப் போவதாக நினைக்கும் வாசகர், தமக்குப் பிடித்ததை இங்கே எழுதிக்கொள்ளலாம்.

8.

திருச்சிப் பந்தியில் சொன்னதற்கு வருவோம். வெங்கடராமன் குமாஸ்தாவின் காலில் விழுந்தார் என்பது பொய். பட்டாபி படியிலிருந்து பார்த்தது ஷூ கயிறு அவிழ்ப்பதை. ஜோதிலிங்கம் குமாஸ்தாவும் அல்ல, அஸிஸ்டெண்ட்.

மன்னிப்புக் கேட்டது அந்த ஞாயிறுக்கு மறுநாள், திங்கட்கிழமை, காலை பத்தரை மணிக்கு, செக்ஷனில், ஒன்பது பேர் முன்னால், இந்தியில். யார் காலிலும் விழவில்லை. நான் நின்றுகொண்டுதான் கேட்டேன்.