தோமா இன்னும் வாளை எடுக்கவில்லை

அக்டோபர் 21, செவ்வாய்

நேற்றைய பக்கத்தில் ஒரு தவறு இருக்கிறது. நான் வெட்டித் தொகுத்த படத்தைப் பார்த்து அண்ணன் இரண்டு இடத்தில் சிரித்தான் என்று எழுதியிருந்தேன். அவன் சிரித்தது கையிலிருந்த போனைப் பார்த்து. படம் முடிந்ததும் "நல்லாருக்கு" என்றான். ரசம் எப்படி என்று கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பான். எழுதும்போதே இது எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சிவபாண்டி அண்ணன் இரண்டு வருடம் கழித்துத் திருப்பூரிலிருந்து தீபாவளிக்கு வந்திருக்கிறான். வியாழக்கிழமை திரும்புகிறான். வந்ததிலிருந்து சாப்பாடு, தூக்கம், போன். எதைக் கேட்டாலும் "ம்". முன்பு இப்படி இல்லை. என்னவோ இருக்கிறது, சொல்ல மாட்டேன் என்கிறான். அவனை வாய் திறக்க வைக்க என்னிடம் இருந்த ஒரே வழி தோமா.

தோமா ஒரு ஜப்பான் அனிமேயின், அதாவது கார்ட்டூன் தொடரின், நாயகன். படகோட்டியின் மகன், வாள் வீரன். நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது தினமும் சாயங்காலம் டிவியில் தமிழ் பேசிக்கொண்டு வருவான். எம். புதுப்பட்டியில் எங்கள் வீட்டில் அது கம்பி மத்தாப்புப் பெட்டி ஒட்டும் நேரம். பட்டாசுக் கம்பெனியிலிருந்து வெட்டிய அட்டை கட்டுக்கட்டாக வரும். அம்மா பசை தடவுவாள், அண்ணன் மடிப்பான், நான் லேபிள் ஒட்டுவேன். கைவேலையும் நடக்க வேண்டும், படமும் பார்க்க வேண்டும் என்றால் தோமாவைப் போலத் தோதான ஆள் கிடையாது. கயிற்றுப் பாலத்தின் இந்த முனையில் அவன் நிற்பான், அந்த முனையில் ஒற்றைக்கண் வீரன். இருவரும் முறைப்பார்கள். மேகம் நகரும். ஓர் இலை விழும். குனிந்து நாலைந்து பெட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தால் இலை இன்னும் தரைக்கு வந்திருக்காது. இசை மாறும்போது மட்டும் தலையைத் தூக்கினால் போதும்.

"இந்தத் தாமஸ் பய முறைக்க முறைக்க நமக்கு வேல ஓடுது. முறைக்கட்டும் ராசா" என்பாள் அம்மா. அவளுக்கு அவன் பெயர் எப்போதும் தாமஸ்தான்.

அப்போது பாதி நாள் கரண்டு இருக்காது. பாலத்துச் சண்டை நடுவில் டிவி அணைந்தாலும் நாங்கள் பதற மாட்டோம். மறுநாள் அவன் அங்கேயேதான் நிற்பான். இருட்டில் அண்ணன் ஒற்றைக்கண்ணன் குரலில் பேசுவான், நான் தோமாவாகப் பதில் சொல்வேன். அந்தச் சண்டை முடியும் முன்பே அண்ணன் பனியன் கம்பெனி வேலைக்கு ரயில் ஏறிவிட்டான். கடைசியை நான் மட்டும் பார்த்தேன். யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அனிமேக்கு மூலமான மாங்காவை, அந்த ஜப்பான் படக்கதைப் புத்தகத்தை, நான் படித்தது போன வருடம்தான். பழைய புத்தக விலைக்கு ஆங்கிலப் பிரதிகளை வரவழைத்தேன். எனக்குப் பெரிய அதிர்ச்சி. டிவியில் இரண்டு வாரத்துக்கு மேல் ஓடிய பாலத்துச் சண்டை புத்தகத்தில் இரண்டே அத்தியாயம். பிறகு காரணம் புரிந்தது. மாங்கா வாரம் ஓர் அத்தியாயமாக வந்துகொண்டிருக்கும்போதே அனிமேயும் ஓடுகிறது. அது சீக்கிரமே மாங்காவை எட்டிப் பிடித்துவிடும். தாண்டிப் போக முடியாது, கதை இன்னும் வரையப்படவில்லை. ஆகவே நின்று நின்று நடக்கும். முன்கதைச் சுருக்கம், பழைய நினைவு, முகம், மேகம், மறுபடி முகம்.

மாலையில் நான் போகும் வீடியோ எடிட்டிங் வகுப்பு விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் குடோனுக்கு மேல் மாடியில் இருக்கிறது. கீழே மூட்டை பிரித்தால் மேலே எல்லாரும் தும்முவோம். மீரான் மைதீன் சார் தும்மலுக்கு நடுவில் சொல்வது ஒன்றுதான்: "கண்ணுக்கு வேல இல்லாத நொடி எதுக்கு? வெட்டுங்க." நீளமான ஒன்றைச் சுருக்கிக் கொண்டுவரச் சொன்னார். யாரோ டிவியிலிருந்து பதிவு செய்து நெட்டில் போட்டிருந்த தோமாவின் தமிழ்ப் பகுதிகளை எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் மாங்காவை விரித்து வைத்து, புத்தகத்தில் இல்லாத எதுவும் படத்தில் இருக்கக் கூடாது என்று வெட்டினேன். முழுச் சண்டையும் அரை மணி நேரத்துக்குள் அடங்கியது. சார் பாராட்டினார். அண்ணன் வந்ததும் காட்ட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். காட்டியதன் பலனை மேலே எழுதிவிட்டேன்.

இன்று மதியம் அப்பா பட்டாசு சீசன் முழுக்க லோடு வேன் ஓட்டிய அசதியில் உள்ளறையில் தூங்கினார். கார்த்திகைக்கு ஒரு சின்ன ஆர்டர் இருக்கிறதென்று அம்மா அட்டைக் கட்டைப் பிரித்தாள். போனில் சார்ஜ் தீர்ந்த அண்ணன் தானாகவே வந்து உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தான்.

"கற்பகம், ஒன் படத்தப் போடு. கைவேலைக்கு ஆகும்" என்றான்.

லேப்டாப்பில் என் தொகுப்பை ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மூன்று பேர் கையும் நின்றுவிட்டது.

"பச காயுதுலே" என்று அம்மா சத்தம் போட்டாள்.

"நான் என்னம்மா செய்ய? ஒரு மூலைய மடிச்சிட்டு நிமிந்தா பாலமே அத்துப் போச்சு." என் பக்கம் திரும்பினான். "ஏ பிள்ள, இவனுக்கு எங்கயும் பஸ்ஸு பிடிக்கணுமா? இம்புட்டு வெரசலா ஓடுதான்."

"புஸ்தகத்துல இப்படித்தான்ணே இருக்கு."

"புஸ்தகம்னா நீயா பக்கத்தப் புரட்டுவ. இதுல நீ புரட்டுத, நான் பாக்கேன். நான் பாத்து முடிச்சேனான்னு கேட்டியா?"

எழுந்து போய் மாங்காவை எடுத்துவந்து அந்த இடத்தைப் பிரித்தேன். முறைப்பு அங்கேயும் இருந்தது. இரண்டு பக்கம் முழுக்க ஒரே படம், ஒரு வார்த்தை கிடையாது. நான் எல்லாக் கட்டத்துக்கும் ஒரே கணக்குப் போட்டு இதற்கும் ஒரு நொடிதான் கொடுத்திருந்தேன். அதை வரைந்தவர் இவ்வளவு இடம் விட்டது நாம் அங்கே நிற்பதற்காக இருக்கலாம். எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் நான் நிற்கவிடவில்லை.

தொகுப்பை மூடிவிட்டு டிவியில் வந்த பழைய பகுதியைப் போட்டேன். முன்கதைச் சுருக்கம் ஓடியது. அது அன்றைக்கும் வெட்டிதான், இன்றைக்கும் வெட்டிதான். அப்புறம் பாலம், மேகம், முகம். எங்கள் கைகள் மறுபடி நகர ஆரம்பித்தன.

ஒற்றைக்கண்ணன் முகம் வந்து நின்றபோது, பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் அண்ணன் அந்தப் பழைய கட்டைக் குரலில் சொன்னான்: "ஏலே தோமா. தண்ணி மோட்டாரு போட்டியா?"

"கரண்டு வரலண்ணாச்சி" என்றேன், தோமாவாக.

"அப்பொறம் எதுக்குலே முறைக்க?"

"நீங்க முறைச்சீக, நானும் முறைச்சேன்."

"ரெண்டு பேருக்கும் வேல வெட்டி இல்ல" என்றாள் அம்மா. மூன்று பேரும் சிரித்தோம். இந்தச் சிரிப்பை நான் சரியாகப் பார்த்தேன். போன் உள்ளே சார்ஜில் இருந்தது.

இலை விழ ஆரம்பித்தது. அண்ணன் மடித்துக்கொண்டே, இப்போது தன் குரலில் சொன்னான்: "எனக்கும் வேல இல்லம்மா. கம்பெனில ஆர்டர் இல்ல. வாரத்துல மூணு நாளுதான் கூப்புடுதாக. ரூம்ல பாதிப் பேரு ஊருக்குப் போய்ட்டானுக."

"எப்ப இருந்து?"

"ஆவணில இருந்து."

"ஏன்லே சொல்லல?"

"எப்ப சொல்ல? போன்ல நீ சாப்ட்டியாங்க, நான் சாப்ட்டேங்கேன், வச்சிருதோம். இங்கன வந்தா தீவாளி."

அம்மா அடுத்த அட்டைக்குப் பசை தடவினாள். நான் அடுத்த லேபிளை எடுத்தேன். பேசியே ஆக வேண்டும் என்று தோன்றவில்லை. திரையில் தோமா இன்னும் வாளை எடுக்கவில்லை.

"அந்த மூலைய நல்லா அழுத்து, பிரியுது பாரு" என்றாள் அம்மா. அவன் அழுத்தினான். "வியாழக்கெழம போய்த்தான் ஆகணுமாய்யா?"

"பாப்பம்மா."

அடுத்த பகுதி தொடங்கியது. அவன் என்னிடம் கேட்டான்: "கடைசில யாரு பிள்ள செயிக்கா?"

"நேத்துத்தான முழுசாப் பாத்த?"

"எங்க பாத்தேன்" என்றான்.

நான் சொல்லவில்லை. கட்டு முடியும்வரை ஒவ்வொரு பகுதியாக ஓடவிட்டோம். முடிவு வருவதற்கு முன்பே அட்டை தீர்ந்துவிட்டது. மிச்சத்தை நாளை மதியம் பார்க்கலாம் என்று அண்ணனே சொன்னான்.

முறைப்பை நீட்டினால் சார் ஒத்துக்கொள்வாரா தெரியவில்லை. கண்ணுக்கு வேலை இல்லாத நொடி என்றுதான் அவர் சொல்வார். கைக்கு வேலை இருந்தது என்று சொல்லிப் பார்க்க வேண்டும். தும்மிக்கொண்டே கேட்பார்.

நாளை மாலை வகுப்பில், அந்த இரண்டு பக்க முறைப்பை மேகத்தோடும் இலையோடும் முழு நீளத்துக்குத் திரும்பச் சேர்க்க வேண்டும். முன்கதைச் சுருக்கத்தைச் சேர்க்கக் கூடாது.